வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் கூட வரும்போது ஷிரகவா-கோவுக்கு ஒரே நாளில் போய் வரலாமா?

கேள்வி சுருக்கமாக இது. அக்டோபர் கடைசியில் குடும்பத்தோடு ஜப்பான் போகிறார்கள். நகோயாவில் தம்பி வீட்டில் தங்கல். கூட வருபவர்கள் எழுபதைத் தாண்டிய மாமனார், முழங்கால் வலியுள்ள மாமியார், ஒன்பது வயதுப் பையன், நான்கு வயதுப் பெண். மாமியார் சுத்த சைவம். படங்களில் பார்க்கும் அந்தப் புல்வேய்ந்த கூரைகள் கொண்ட மலைக் கிராமத்துக்கு ஒதுக்க ஒரு நாள்தான் இருக்கிறது. அலைச்சலுக்குத் தகுந்த பலன் உண்டா, இல்லை வெறும் கூட்டமும் போட்டோவும்தானா?

போகலாம். ஆனால் எதைப் பார்க்கப் போகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். பெரும்பாலானோர் மேட்டில் ஏறி, கிராமத்தை மேலிருந்து படமெடுத்து, கடைத்தெருவில் ஏதாவது சாப்பிட்டு, இரண்டு மணி நேரத்தில் பஸ் ஏறிவிடுகிறார்கள். அவர்களிடம் கேட்டால் "அழகாத்தான் இருந்துச்சு, ஆனா அவ்வளவுதான்" என்பார்கள். அந்த வீடுகளின் அருமை உள்ளே, மாடியில் இருக்கிறது. ஒரே ஒரு வீட்டுக்குள் நிதானமாக ஏறி இறங்கினாலே போதும், நாள் வீணாகாது. மற்றதெல்லாம் முடிந்தால் பார்க்கலாம், முடியாவிட்டால் விட்டுவிடலாம்.

ஷிரகவா-கோ என்பது கிஃபு மாகாணத்தில், ஹகுசான் மலையின் அடிவாரத்தில், ஷோகாவா ஆற்றை ஒட்டிய பள்ளத்தாக்கு. அதில் எல்லோரும் போகும் ஊர் ஒகிமாச்சி. கடல்மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம்தான், ஆனாலும் குளிர்காலத்தில் ஆள் உயரத்துக்குப் பனி விழும். 1995இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதே அறிவிப்பில் பக்கத்து தொயாமா மாகாணத்தின் கொகயாமா பகுதியிலிருந்து ஐனொகுரா, சுகனுமா என்ற இரண்டு சின்ன ஊர்களும் சேர்ந்தன. ஒகிமாச்சியில் கைகூப்பியது போன்ற கூரை கொண்ட, 'காஷோ' வகை வீடுகள் 59 என்பது அந்தப் பட்டியலின் கணக்கு. ஐனொகுராவில் 20, சுகனுமாவில் வெறும் 9.

இனி பயணம். நகோயாவிலிருந்து நேரடி பஸ் உண்டு. ஒரு வழிக்கே மூன்று மணி நேரத்துக்குப் பக்கம் ஆகும். போக மூன்று, வர மூன்று என்று முழங்கால் வலிக்காரரையும் நான்கு வயதுக் குழந்தையையும் உட்கார வைப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முந்தின நாளே தகயாமாவுக்குப் போய் அங்கே ஓர் இரவு தங்கிவிடுங்கள். நகோயாவிலிருந்து தகயாமாவுக்கு ஹிதா என்ற விரைவு ரயில் இரண்டரை மணி நேரத்துக்குள் போகும். வழியெல்லாம் ஆற்றங்கரை, இரண்டு பக்கமும் மலை. அதுவே பெரியவர்களுக்கு ஒரு சுற்றுலா. தகயாமாவிலிருந்து ஷிரகவா-கோவுக்கு பஸ்ஸில் சுமார் 50 நிமிடம். பஸ் நிலையம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த ஓர் இரவு எப்படியும் முடியாது, அதே நாளில் நகோயா திரும்பியே ஆக வேண்டும் என்றால் கார்தான் சரி.

தம்பியிடம் கார் இருந்தால் நகோயாவிலிருந்து நெடுஞ்சாலையில் இரண்டரை மணி நேரம். இல்லாவிட்டால் வாடகைக்கு எடுக்கலாம். இந்தியாவில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி வழங்கப்பட்டதாக இருந்தால் ஜப்பானில் செல்லும். அசல் லைசென்ஸையும் பாஸ்போர்ட்டையும் சேர்த்தே எடுத்துப் போக வேண்டும். ஜப்பானிலும் இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங்கும் வலதுபக்கம்தான், அதனால் நமக்குப் பழக அதிக நேரம் ஆகாது. ஆறு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம். வண்டி எடுக்கும் அன்று கேட்டால் இல்லை என்று கைவிரிப்பார்கள், முன்பதிவின்போதே சொல்லி வையுங்கள்.

தகயாமா பக்கத்திலிருந்து போகும் நெடுஞ்சாலையில் ஹிதா சுரங்கப்பாதை வரும். 10.7 கிலோமீட்டர் நீளம். உள்ளே நுழைந்தால் வெளிச்சத்தைப் பார்க்க எட்டு ஒன்பது நிமிடம் ஆகும். உங்கள் பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இந்தச் சுரங்கப்பாதை திறந்து, நெடுஞ்சாலை முழுதாக இணைந்தது 2008இல். அதற்கு முன்னால் பனிக்காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கை எட்டுவதே பெரும்பாடு. யுனெஸ்கோ பெயரும் இந்தச் சாலையும் சேர்ந்துதான் ஊரின் தலையெழுத்தை மாற்றின. ஷிரகவா கிராமத்தின் மொத்த மக்கள்தொகை ஆயிரத்து ஐந்நூறு, அறுநூறு பேர்தான். வருகிறவர்களோ ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால், அங்கே ஏன் இத்தனை அறிவிப்புப் பலகைகள் என்பது புரியும்.

அக்டோபர் கடைசி என்பது இலை நிறம் மாறும் காலம். பார்க்க மிக அருமை, அதனாலேயே கூட்டமும் உச்சம். சனி, ஞாயிறைத் தவிர்த்துவிடுங்கள். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் இடத்திலேயே வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். வார நாளிலும் சுற்றுலாப் பஸ்கள் காலை பத்தரைக்கு மேல்தான் மொய்க்க ஆரம்பிக்கும், பிற்பகல் இரண்டு, மூன்று வரை குறையாது. ஆகவே தகயாமாவிலிருந்து காலை முதல் பஸ்ஸையோ இரண்டாவது பஸ்ஸையோ பிடியுங்கள். இந்தத் தடத்தில் சில பஸ்களுக்கு இருக்கை முன்பதிவு உண்டு, சிலவற்றில் வரிசையில் நின்று ஏற வேண்டியதுதான். ஐந்தாறு பேராகப் போகும் குடும்பம் வரிசையை நம்பக் கூடாது. முன்பதிவு உள்ள பஸ்ஸையே பாருங்கள், திரும்பி வருவதற்கும் சேர்த்து.

காரில் போனால் ஆற்றுக்கு அக்கரையில் செசெராகி பூங்கா என்ற பெரிய நிறுத்துமிடத்தில் விட வேண்டும். பகலில் கிராமத்துக்குள் வெளி வண்டிகளுக்கு அனுமதி இல்லை. அங்கிருந்து தேஆய் பாலம் வழியாக நடந்தே ஊருக்குள் போகலாம். 107 மீட்டர் நீளத் தொங்குபாலம். தொங்குபாலம் என்றதும் மாமியார் பயப்பட வேண்டாம், கான்கிரீட் நடைபாதைதான். கூட்டம் நடக்கும்போது லேசாக ஆடும், அவ்வளவே. கீழே ஷோகாவா நீலப்பச்சையாக ஓடும். பஸ்ஸில் வருபவர்கள் ஊரின் இன்னொரு முனையில் இறங்குவார்கள், அவர்கள் பாலத்தைக் கடக்க வேண்டிய அவசியமே இல்லை. பையும் பெட்டியும் இருந்தால் பஸ் நிலையத்தின் லாக்கரில் வைத்துவிடுங்கள். பெரிய லாக்கர்கள் காலையிலேயே நிரம்பிவிடும்.

இறங்கியதும் காட்சிமேடைக்குப் போய்விடுவது நல்லது. பழைய ஒகிமாச்சி கோட்டை இருந்த மேடு அது. ஊருக்குள் இருக்கும் வாடா வீடு என்ற பெரிய வீட்டின் பக்கத்திலிருந்து சின்ன பஸ் ஒன்று சிறு கட்டணத்துக்கு மேலே கொண்டுபோய் விடும். நடந்தால் இருபது நிமிட ஏற்றம். பெரியவர்கள் பஸ்ஸில் போகட்டும், பையனோடு நீங்கள் நடந்து இறங்கலாம். மேலே நின்று பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்லுங்கள்: எல்லா வீடுகளும் ஒரே திசையில் நிற்கும். கூரையின் முகடு வடக்கு தெற்காக, சரிவுகள் கிழக்கும் மேற்கும் பார்த்தபடி. காற்று பள்ளத்தாக்கின் வழியே வடக்கு தெற்காக வீசும். அதற்கு வீட்டின் குறுகிய முக்கோண முகத்தைத்தான் காட்டுகிறார்கள், அகலமான சரிவைக் காட்டினால் புல்லைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். காலை வெயில் ஒரு சரிவுக்கு, மாலை வெயில் மறு சரிவுக்கு. இரண்டும் சமமாகக் காயும், பனி சமமாக உருகும். ஜெர்மன் கட்டடக் கலைஞர் புரூனோ டவுட் 1935இல் இங்கே வந்து இந்த வீடுகளைப் பாராட்டி எழுதினார். வெளியுலகம் இவற்றைத் திரும்பிப் பார்த்ததில் அவருக்கும் பங்கு உண்டு.

சரி, இப்போது வீட்டுக்குள் போகலாம். ஊரிலேயே பெரியது வாடா வீடு. ஊர்த்தலைவர்களாக இருந்த குடும்பம், இன்றும் ஒரு பகுதியில் அவர்களே வசிக்கிறார்கள். கண்டா வீடும் நன்றாக இருக்கும், கூட்டம் கொஞ்சம் குறைவு. மியோசென்ஜி என்ற கோயிலை ஒட்டிய வீடும் பார்க்கத் திறந்திருக்கிறது. அந்தக் கோயிலின் மணிமண்டபத்துக்கும் புல்கூரைதான். எல்லாவற்றுக்கும் கட்டணம் சில நூறு யென், ரொக்கமாக வைத்திருங்கள். எல்லா வீட்டுக்கும் சீட்டு வாங்கி ஓடாதீர்கள். ஒன்று, அதிகம் போனால் இரண்டு.

வாசலில் செருப்பைக் கழற்றியதும் புகை வாசனை மூக்கில் ஏறும். நடு அறையில் தரையில் பதித்த சதுர அடுப்பு, 'இரோரி', அதன் மேல் கொக்கியில் தொங்கும் கெட்டில். மாமியாரை அந்த அடுப்பின் பக்கத்தில் உட்கார வைத்துவிடுங்கள். மாடிப்படி ஏணிக்கு நெருக்கமான செங்குத்து. முழங்கால் வலியோடு ஏறலாம் என்று நினைத்தாலும் இறங்கும்போது சிரமப்படுவார். மாமனார் முதல் மாடி வரை வரலாம். அந்த அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருப்பதும் பார்ப்பதுதான். புகை போக்க சிம்னி கிடையாது. புகை மேலே போய், மாடித் தரையின் இடுக்குகளில் நுழைந்து, கூரை முழுக்கப் பரவும். அந்தப் புகைதான் புல்லில் பூச்சி வராமல் காத்தது, கயிற்றையும் மரத்தையும் பதப்படுத்தியது. உத்தரங்கள் எல்லாம் தார் பூசினாற்போல் கன்னங்கரேலென்று மின்னுவதற்குக் காரணம் அதுவே. ஆண்டு முழுக்கத் தீ மூட்டி வாழ்ந்த காலத்தில் கூரை முப்பது, நாற்பது ஆண்டு தாங்கியது. இப்போது வீட்டுக்குள் காஸ் அடுப்பு வந்துவிட்டது, புகை குறைந்தது, கூரையின் ஆயுளும் குறைந்தது. கண்டா வீட்டில் இடைமாடியிலிருந்து அடுப்பைப் பார்க்க ஒரு சின்ன ஜன்னல் வைத்திருக்கிறார்கள். ராத்திரியில் எழுந்து தீ ஒழுங்காக அணைந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்க. நெருப்பு அவர்களுக்கு எவ்வளவு தேவை, எவ்வளவு பயம் என்பது அந்த ஒரு ஜன்னலிலேயே தெரியும்.

மாடியில் முதலில் பார்க்க வேண்டியது கட்டு. கூரைச் சட்டத்தில் ஓர் ஆணிகூடக் கிடையாது. சாய்மரங்களை வைக்கோல் கயிற்றாலும், 'நெசோ' என்கிற இளங்கிளைகளாலும் கட்டியிருப்பார்கள். அது மலையில் வளரும் மன்சகு மரத்தின் கிளை. பச்சையாக இருக்கும்போது முறுக்கி நசுக்கிக் கயிறு போல ஆக்கிக் கட்டுவார்கள், காயக் காய இறுகிக்கொண்டே போகும். கை விரலால் அந்த முடிச்சைத் தொட்டால் இரும்பு போலிருக்கும். தொடலாம் என்று எழுதியிருந்தால் மட்டும் தொடுங்கள்.

அடுத்து, சாய்மரங்களின் கால். ஒவ்வொரு சாய்மரமும் கீழே வந்து முடியும் இடத்தில் பென்சில் முனை மாதிரிச் சீவியிருக்கும். அந்த முனை கிடைமர உத்தரத்தில் தோண்டிய குழிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். அறைந்து இறுக்கியதில்லை. புயலோ பூகம்பமோ வந்தால் கூரை அந்த முனைகளின் மேல் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், முறியாது. இறுக்கிப் பிணைத்திருந்தால் எப்போதோ உடைந்திருக்கும். கீழ்த்தளத்தில் இன்னொன்று: சில உத்தரங்கள் ஒரு முனையில் வளைந்திருக்கும். பனி கனக்கும் சரிவில் வளரும் மரம், அடிப்பக்கம் வளைந்தே மேலெழும். அந்த வளைவை வீணாக்காமல் அப்படியே பாரம் தாங்கும் உத்தரமாக்கிக்கொண்டார்கள். கீழ்ப்பகுதியைத் தச்சர் கட்டுவார். கூரையைக் கட்டுவது ஊர்க்காரர்கள் வேலை. இந்தப் பாகுபாடு முக்கியம், ஏனென்றால் கூரையைப் பழுது பார்க்கும் கடமையும் ஊருக்கே வந்தது.

இவ்வளவு பெரிய மாடி எதற்கு? பட்டுப்புழுவுக்கு. நெல் விளைய நிலம் குறைவு, பனி அதிகம், ஆகவே பட்டுதான் காசு கொடுத்தது. ஏறக்குறைய 60 டிகிரிச் சரிவில் கூரை இருந்தால் பனி தங்காது, உள்ளேயும் இரண்டு மூன்று தட்டு எழுப்பலாம். கீழே எரியும் அடுப்பின் சூடு இடுக்குத் தரை வழியாக மேலே வந்து புழுக்களுக்கு இதமாக இருக்கும். முக்கோணச் சுவரில் காகித ஜன்னல்கள், வெளிச்சத்துக்கும் காற்றுக்கும். பெரும்பாலான வீடுகளில் புழு வளர்த்த தட்டுகளும் கூடுகளும் நூல் நூற்ற கருவிகளும் அங்கேயே வைக்கப்பட்டிருக்கும். பிள்ளைகளைத் தரை இடுக்கு வழியாகக் கீழே பார்க்கச் சொல்லுங்கள், பாட்டி அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருப்பது தெரியும்.

பையனுக்குச் சொல்ல இன்னொரு கதை இருக்கிறது, கேட்டால் கண் விரியும். இந்த அமைதியான வீடுகளின் அடியில் வெடிமருந்து உப்பு தயாரித்தார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் தரைக்குக் கீழே குழி தோண்டி, மண், பட்டுப்புழுவின் எச்சம், மாசிபத்திரி வகைச் செடிகள் எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் போட்டு மூடி, நான்கைந்து ஆண்டு ஊற வைப்பார்கள். அடுப்பின் சூட்டில் அது மெல்ல மெல்லப் பக்குவப்படும். பிறகு அந்த மண்ணில் தண்ணீர் விட்டு வடித்து, சாம்பல் சேர்த்துக் காய்ச்சினால் பொட்டாசியம் நைட்ரேட், அதாவது வெடியுப்பு. கொகயாமா பக்கத்தில் காகா சிற்றரசு இதை வாங்கிக்கொண்டது. வாடா குடும்பத்துக்கு வந்த செல்வத்திலும் இந்த வியாபாரத்துக்குப் பங்கு உண்டு. மலைக்குள் எட்டாத இடத்தில் இருந்ததும் இதற்கு வசதிதான், ரகசியம் வெளியே போகாது.

வீட்டில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று மாமனார் கேட்பார். ஒகிமாச்சியை விட, ஆற்றின் மேல்பகுதியில் இருந்த நககிரி ஊர்களில்தான் ஒரே கூரையின் கீழ் இருபது, முப்பது பேர் இருந்தார்கள். மூத்த மகன் மட்டும் முறையாகக் கல்யாணம் செய்து மனைவியை வீட்டுக்குக் கூட்டி வருவான். தம்பிகளும் தங்கைகளும் பிறந்த வீட்டிலேயே தங்கி உழைப்பார்கள். தம்பிகள் மனைவியைப் பார்க்க இரவில் அவள் வீட்டுக்குப் போய் வருவார்கள், பிள்ளைகள் தாய் வீட்டில் வளர்வார்கள். நிலத்தைப் பங்கு போட்டால் யாருக்கும் மிஞ்சாது என்பதால் வந்த ஏற்பாடு. நம் ஊர்க் கூட்டுக்குடும்பத்தோடு ஒப்பிடத் தோன்றும், ஆனால் கல்யாண முறை முற்றிலும் வேறு.

கூரை மாற்றும் வேலைக்கு அங்கே 'யுயி' என்று பெயர். இன்று உன் வீட்டுக்கு நான் வருகிறேன், நாளை என் வீட்டுக்கு நீ வா என்ற ஏற்பாடுதான். ஒரு பக்கச் சரிவை மாற்ற நூறு, இருநூறு பேர் ஏறி ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். மழை வந்தால் வீடு நனைந்துவிடும், அதனால்தான் அந்த அவசரம். யார் எத்தனை கட்டுப் புல் கொடுத்தார்கள், எத்தனை ஆள் அனுப்பினார்கள் என்பதையெல்லாம் கணக்கு வைத்து, பிறகு அதே அளவு திருப்பிச் செய்ய வேண்டும். ஆண்கள் கூரைமேல், பெண்கள் சமையலும் புல் எடுத்துக் கொடுப்பதும். இப்போது ஆள் குறைந்துவிட்டதால் பல கூரைகளைத் தொழில்முறைக் குழுக்கள் மாற்றுகின்றன, அரசும் செலவில் கை கொடுக்கிறது. ஆனாலும் யுயி முறையில் மாற்றும் வேலை ஒரேயடியாக நின்றுவிடவில்லை. பெரும்பாலும் வசந்த காலத்தில் நடக்கும், அக்டோபரில் நீங்கள் பார்க்க வாய்ப்பு குறைவு.

இத்தனை வீடுகள் மிஞ்சியதே பெரிய காரியம். போருக்குப் பிறகு ஷோகாவாவில் அணைகள் வந்தன. 1961இல் முடிந்த மிபோரோ அணை, மேல்பகுதி ஊர்கள் பலவற்றை மூழ்கடித்தது. மூழ்கவிருந்த இரண்டு கோயில்களின் முற்றத்தில் நானூறு ஆண்டுக்கு மேற்பட்ட இரண்டு செர்ரி மரங்கள் நின்றன. மின் மேம்பாட்டு நிறுவனத்தின் முதல் தலைவராக இருந்த தகசாகி தட்சுனொசுகே அவற்றை விட்டுவிட மனமில்லாமல் 1960இல் வேரோடு பெயர்த்து மேட்டில் நடச் செய்தார். பிழைக்காது என்றே நிபுணர்கள் சொன்னார்கள், ஆனால் பிழைத்துவிட்டன. இன்றும் அணைக்கரையில் ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் பூக்கின்றன. பஸ் அந்த வழி போகாது, நெடுஞ்சாலையை விட்டுப் பழைய சாலையில் காரில் வந்தால் பார்க்கலாம். அக்டோபரில் பூ இருக்காது, அந்த மரத்துக்காக வழியை மாற்றத் தேவையில்லை.

அணை ஒரு பக்கம், வேலை தேடி நகரத்துக்குப் போனவர்கள் ஒரு பக்கம், நல்ல விலை கிடைத்ததும் வீட்டையே கழற்றி விற்றவர்கள் ஒரு பக்கம். கசுரா என்ற குக்கிராமம் 1967இல் மொத்தமாகவே காலியானது. இதெல்லாம் பார்த்துத்தான் 1971இல் ஒகிமாச்சிக்காரர்கள் கூடி, வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். 1976இல் அரசின் பாதுகாப்புப் பகுதியாக அறிவிப்பு வந்தது. யுனெஸ்கோ வந்தது அதற்கும் பத்தொன்பது ஆண்டுக்குப் பிறகு. அதாவது ஊரைக் காப்பாற்றியது ஊர்க்காரர்களே. பட்டியல் பின்னால் வந்தது.

காலியான ஊர்களின் வீடுகளைப் பெயர்த்து வைத்து உருவாக்கிய திறந்தவெளி அருங்காட்சியகம் ஆற்றின் நிறுத்துமிடப் பக்கத்தில் இருக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள், குளம், சிற்றோடை, தண்ணீரில் சுழலும் ஆலை எல்லாம் உண்டு. சுத்தமான ரசனைக்காரர்கள் இதைச் செட் போட்ட மாதிரி என்பார்கள். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். யாரும் வசிக்காத வீடுகள், யாருடைய நிம்மதியும் கெடாது, நான்கு வயதுக் குழந்தை ஓடலாம், கத்தலாம். பத்தரை மணிக்குக் கடைத்தெருவில் கூட்டம் நெருக்கும்போது நீங்கள் பாலத்தைத் தாண்டி இங்கே வந்துவிடுங்கள்.

ஊருக்குள் அப்படி ஓட விட முடியாது. வயல் வரப்பில் ஏறுவது, துவைத்த துணி காயும் முற்றத்தில் நின்று படமெடுப்பது, திறந்திருக்கும் கதவுக்குள் எட்டிப் பார்ப்பது, இவையெல்லாம் அங்கே தினமும் நடக்கும் தொல்லைகள். குப்பைத்தொட்டி இருக்காது, பையில் ஒரு கவர் போட்டுக்கொண்டு குப்பையைத் திருப்பி எடுத்து வாருங்கள். புகைப்பதற்கென்று ஒதுக்கிய இடத்தைத் தவிர வேறெங்கும் பீடி, சிகரெட் கூடாது. இதில் விளையாட்டே இல்லை. காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் ஊரே போய்விடும். சின்னப் புல்கூரைக் குடிசை மாதிரி அங்கங்கே நிற்பவற்றைப் பையனுக்குக் காட்டுங்கள். அவற்றுக்குள் தீயணைப்பு நீர்பீரங்கிகள் ஒளிந்திருக்கின்றன. ஐம்பதுக்கும் மேற்பட்டவை. இலையுதிர்காலத்தின் கடைசியில் ஒரு நாள் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்து சோதிப்பார்கள், ஊர் முழுக்க நீர்த்திரை எழும்பும். 2019 நவம்பரில் நிறுத்துமிடப் பக்கத்தில் கொட்டகை எரிந்தபோது இவை உடனே திறக்கப்பட்டன, தீ ஊருக்குள் வரவில்லை.

சாப்பாடு. அசைவம் சாப்பிடுபவர்களுக்குக் கவலை இல்லை, ஹிதா மாட்டிறைச்சி, ஆற்றுமீனைக் குச்சியில் குத்திச் சுட்டது என்று நிறைய இருக்கிறது. மாமியாரின் பாடுதான் கஷ்டம். சோபா நூடுல்ஸ் குழம்பு, மிசோ சூப், காய்கறிக் கூட்டு எதுவானாலும் அடியில் மீன் சாறு இருக்கும். காய்கறி மட்டும்தானே என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் சாறு அவர்கள் கணக்கில் மீன் இல்லை. மசித்த சோற்றைக் குச்சியில் தட்டி, மிசோவும் வால்நட்டும் அரைத்த விழுதைத் தடவிச் சுடும் கோஹெய் மோச்சி பெரும்பாலும் சரிப்படும், விழுதில் என்ன சேர்த்தார்கள் என்று கேட்டு வாங்குங்கள். இந்தப் பக்கத்தின் கெட்டி டோஃபு வேறெங்கும் கிடைக்காத அளவுக்கு இறுக்கம், கயிற்றில் கட்டித் தூக்கலாம் என்பார்கள். வெறும் சோயா சாஸோடு கேட்டால் மாமியார் சாப்பிடலாம். எதற்கும் தம்பி வீட்டிலிருந்தே புளியோதரை கட்டிக்கொள்ளுங்கள். நகோயாவில் கிளம்பும்போது வைத்தால் மறுநாள் மதியம் வரை அந்தக் குளிரில் கெடாது.

அக்டோபர் 14, 15இல் அங்குள்ள ஹச்சிமான் ஆலயத்தில் தொபுரோகு திருவிழா. வடிகட்டாத, வெள்ளையான அரிசி மதுவைக் கோயிலிலேயே புளிக்க வைத்துப் படைத்து எல்லோருக்கும் ஊற்றுவார்கள். நீங்கள் போவது அதற்குப் பிறகு என்றாலும் பக்கத்திலேயே திருவிழா அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு கிண்ணம் ருசி பார்க்கக் கிடைக்கும். கார் ஓட்டுபவருக்கு ஒரு வாய்கூடக் கூடாது. ஜப்பானில் குடித்துவிட்டு ஓட்டினால், கூட உட்கார்ந்து வந்தவர்களுக்கும் தண்டனை உண்டு.

காரில் போகிறவர்களுக்கு ஒரு மாற்று யோசனை. ஒகிமாச்சியை மதியம் ஒரு மணிக்கு முடித்துக்கொண்டு சுகனுமாவுக்கு ஒரு நடை போய் வாருங்கள், காரில் இருபது நிமிடம். ஒன்பதே வீடு, ஆற்று வளைவில் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே நிறுத்துமிடத்திலிருந்து ஊருக்கு இறங்க லிஃப்ட் இருக்கிறது, மாமியாருக்கு அதைவிட என்ன வேண்டும். வெடியுப்பு செய்த முறையை விளக்கும் தனி அருங்காட்சியகமும் அங்கே இருக்கிறது, பையன் விடமாட்டான். ஒகிமாச்சியில் ஐந்து நிமிடம்கூடத் தனியாக நிற்க முடியாது. சுகனுமாவில் முடியும். பஸ்ஸில் வருபவர்கள் இதற்கு ஆசைப்பட வேண்டாம், பஸ் நேரங்கள் ஒத்துவருவது கஷ்டம். அவர்கள் பிற்பகல் இரண்டு மணி வாக்கில் தகயாமா திரும்பி, பழைய மரவீட்டுத் தெருக்களில் மெதுவாக நடக்கலாம்.

குளிர்கால இரவில் வீடுகளுக்கு விளக்குப் போடும் படங்களைப் பார்த்துவிட்டு ஜனவரியில் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது ஜனவரி, பிப்ரவரியில் குறிப்பிட்ட சில நாட்களுக்கு மட்டும். 2019 முதல் முன்பதிவு இல்லாமல் உள்ளே விடுவதில்லை, இடங்களும் சீக்கிரம் தீர்ந்துவிடும். பகலில் பனிக்கால ஒகிமாச்சி அழகுதான், ஆனால் பாதையெல்லாம் வழுக்கும், கூரையிலிருந்து பனிப்பாளம் சரிந்து விழும், காட்சிமேட்டு நடைபாதையையும் மூடிவிடுவார்கள். முழங்கால் வலிக்காரரோடு அது வேண்டாம். பிள்ளைகள் பெரியவர்களானதும் தனியாகப் போய்க்கொள்ளுங்கள்.

அக்டோபர் கடைசியில் காலையில் ஐந்தாறு டிகிரிக்கு இறங்கும், மதியம் வெயில் அடித்தால் ஸ்வெட்டரைக் கழற்றத் தோன்றும். அடுக்கடுக்காக உடுத்திக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு செருப்பைக் கழற்ற வேண்டியிருப்பதால் கயிறு கட்டும் ஷூ வேண்டாம். மரத்தரை ஐஸாகச் சில்லென்றிருக்கும், எல்லோருக்கும் கனமான காலுறை எடுத்துக்கொள்ளுங்கள், மாமியாருக்கு இரண்டு ஜோடியாக. ஸ்ட்ரோலர் பெரிய தெருவில் உருளும், வீடுகளுக்குள் கொண்டுபோக முடியாது, வாசலில் விட வேண்டும். இப்போது முதலில் செய்ய வேண்டியது தகயாமாவில் அறை. இலை நிறம் மாறும் வாரத்தில் அங்கே அறை கிடைப்பதுதான் பஸ் சீட்டைவிடக் கஷ்டம்.